இலக்கமில்லா வீட்டிற்கும் முகவரியுண்டு

வத்தளையின் உள்ளொழுங்கைகளிலே பெயர்ப்பலகையோ வீட்டிலக்கமோ காணாத இடங்கள் உள. பகலில் கடைக்காரர் வழிகாட்டுவார். நள்ளிரவில் நோயாளியை ஏற்ற அம்புலன்ஸ் வரும்போது வழிகாட்டுபவர் யார்?

அகலக்கோடும் நெடுங்கோடுமே அவ்வேளை நமக்குத் துணை. பூமத்திய கோட்டுக்கு வடக்கே 6.99 பாகை, கிறீனிச்சிற்குக் கிழக்கே 79.89 பாகை என்றால் அது வத்தளை. ஆயின், தசமப் புள்ளிக்குப்பின் இரண்டு இலக்கங்கள் ஊரை மட்டுமே சுட்டும்; நான்கு இலக்கங்கள் எழுதினால் ஏறத்தாழ 11 மீற்றர் அளவில் நம் வளவே அகப்படும்.

கைத்தொலைபேசியின் வரைபடத்தில், செய்மதிப் படத்தைக்கொண்டு நம் கூரையை இனங்கண்டு, அதன்மேல் விரலைச் சற்று அழுத்திப் பிடித்தால் இவ்விரு எண்களும் தோன்றும். முதலாவது வடக்கு, மற்றையது கிழக்கு. முறைமாற்றிச் சொன்னால் நம் வீடு வடதுருவத்தை அண்டிய கடலிலன்றோ போய் நிற்கும்!

2016 இல் மேல், தென் மாகாணங்களில் ஆரம்பமான 1990 சுவசெரிய சேவையை அழைக்கும் பதற்றத்தில் எண் தேட அவகாசமிராது. ஆகவே, அவ்வெண்களையும் அயலிலுள்ள கோயில் அல்லது பாடசாலையின் பெயரையும் பெரிய எழுத்தில் எழுதி, வீட்டிலுள்ள முதியோரும் சிறுவரும் காணுமிடத்தில் இன்றே ஒட்டிவைப்போமாக.