கல்லீரலுக்குப் பழைய சோறு போதுமா?

ஸ்கேன் பார்த்துவிட்டு ‘ஃபேட்டி லிவர், கிரேடு ஒன்’ என்றால் தஞ்சாவூர்க்காரர் உடனே கேட்பார்: “நான் குடிக்கிறதே இல்லீங்களே டாக்டர்!” குடிக்காதவர்தான். ஆனால் குழம்புக்கு, ரசத்துக்கு, மோருக்கு என்று மூன்று முறை சோறு. ஓரத்தில் ஒரு கரண்டி பொரியல். எரிந்தது போக மிஞ்சிய மாவுச்சத்தைக் கல்லீரல் கொழுப்பாக்கி வைத்துக்கொள்கிறது.

இதற்கு மருந்தாக இப்போது பழைய சோற்றுக்கு மவுசு. காரணம் இல்லாமலில்லை. ஆறிய சோற்றில் மாவுச்சத்தின் ஒரு பகுதி இறுகி, செரிக்காமல் பெருங்குடல் வரை போகிறது. அதைத் தின்னும் பாக்டீரியாக்கள் பியூட்டிரேட் போன்ற அமிலங்களைத் தர, குடல்சுவர் வலுப்படுகிறது. குடலின் ரத்தம் நேரே கல்லீரலுக்குத்தான் போகிறது. சுவர் கசிந்தால் நச்சும் அங்கேதான் சேரும்.

2023இல் சீனாவிலிருந்து வந்த ஆய்வில், 200 ஃபேட்டி லிவர் நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு நான்கு மாதம் தினமும் 40 கிராம் செரிக்காத வகை மக்காச்சோள மாவுச்சத்து கொடுத்தார்கள். கல்லீரல் கொழுப்பு குறைந்தது. எடை இறங்கியதைக் கழித்துப் பார்த்தும் குறைந்தது. எடையைக் குறைத்தாலே போதும் என்கிற டாக்டர்களும் உண்டு.

100 கிராம் பழைய சோற்றில் இந்த மாவுச்சத்து ஓரிரு கிராம்தான் தேறும். 40 கிராமுக்கு எத்தனை சட்டி?

செரிக்காத மாவுச்சத்தும் ஒரு வகை நார்தான். நம் ஊரில் நார் இருந்த இடம் பயறும் உளுந்தும். வயிற்றில் வாயு என்று ஒதுக்குகிறோமே, அந்த வாயுவே பாக்டீரியாவுக்குச் சாப்பாடு கிடைத்ததன் அடையாளம். தை மாதம் சம்பா அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால், நிற்கும் கதிருக்குள்ளேயே சேற்று ஈரத்தில் பயறு, உளுந்து விதையைத் தெளிப்பார்கள். உழவில்லை, பாய்ச்சலில்லை, பனியிலேயே விளையும்.

கை அறுப்பு இருந்தவரை இது சரி. இப்போது அறுவடை இயந்திரத்தின் சக்கரம் முளையை நசுக்கிவிடுகிறது. மேட்டூர் அணை ஜூன் 12இல் திறக்காத வருஷத்தில் சம்பாவே பின்தள்ளிப்போய், ஈரம் காய்ந்த பிறகு விதைக்க வேண்டியதாகிறது. கல்லீரலைப் பற்றி எழுத உட்கார்ந்தால் பேச்சு வாய்க்காலுக்குப் போய்விடுகிறது, என்ன செய்ய!

கடையில் உளுந்து கிடைக்காதா என்பார்கள். கிடைக்கும், இட்லிக்கு வெள்ளை உளுந்தாக. வயலில் விளைந்த வீட்டில் கறுப்புத் தோலோடு களி கிண்டினார்கள். நாரில் கணிசமான பங்கு அந்தத் தோலில்தான் இருக்கிறது.