பதக்கத்தின் விளிம்பில் ஒரு பெயர்

முதல் உலகப் போரில் 13 லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் பணியாற்றினார்கள். அவர்களில் 74,000க்கும் அதிகமானோர் ஊர் திரும்பவில்லை. இராக்கின் பஸ்ரா நினைவுச் சின்னத்தில், சாதாரண இந்தியச் சிப்பாய்களைப் படைப்பிரிவு வாரியாக வெறும் எண்ணிக்கையாகவே பொறித்தார்கள்; பெயர் இல்லை.

அப்படிப் போய்த் திரும்பாத ஒரு கிராமத்து வீரரைப் பற்றி இன்று தேட முடியுமா? முடியும். வீட்டுப் பரணில் பழைய போர்ப் பதக்கம் கிடந்தால், துடைத்துவிட்டு அதன் விளிம்பை உற்றுப் பாருங்கள். வீரரின் எண், பெயர், படைப்பிரிவு ஆகியவை பொடி எழுத்தில் இருக்கக்கூடும். அவற்றைக் கொண்டு காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் தேடலாம், கட்டணம் இல்லை. இறந்த தேதியும் நினைவிடமும் தெரியவரும். சில பதிவுகளில் தகப்பனார் பெயர், ஊர், தாலுகாகூட உண்டு. அன்றைய எழுத்தர்கள் நம் பெயர்களைக் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியிருப்பார்கள். அதனால் எழுத்துகளை மாற்றி மாற்றித் தேடுங்கள்.

உங்கள் குடும்பத்தில் அப்படி ஒருவர் இருந்தாரா? வீட்டுப் பெரியவர்களிடம் இன்றே கேட்டுக் குறித்து வையுங்கள்.