எருவின் சத்தைக் காத்தல்

யாழ்ப்பாணக் குடாநாட்டுச் செம்மண் தோட்டங்களிற் பயிர்செய்யும் கமக்காரருக்கு எருவின் அருமையைப் புதிதாகக் கூறவேண்டியதில்லை. செம்மண்ணிலே சேதனப்பொருள் விரைவில் அழிந்துவிடும். இறைக்கும் நீரும் நெடுநாள் தங்காது. ஆண்டுதோறும் எருவிட்டும் பட்டியடைத்தும் நம் முன்னோர் வெங்காயமும் மிளகாயும் விளைவித்தது இதனாலேயே. 2021ஆம் ஆண்டில் இரசாயனப் பசளையின் இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது, போதிய எரு கையிருப்பில் இல்லாது கமக்காரர் பட்ட இன்னலை யாவரும் அறிவர்.

ஆயினும், வீட்டிலுள்ள எருவின் சத்திற் பெரும்பகுதி இன்றும் வீணாகிறது. மாடு கழிக்கும் நைதரசனில் ஏறக்குறையப் பாதி அதன் சலத்திலேயே உள்ளது. மண் தரையுள்ள கொட்டிலில் அது ஊறி மறைகின்றது. வளவின் மூலையிற் குவித்த சாணமோ வெயிலில் அமோனியாவை இழந்து, மாரிமழையிற் கரைந்து போகின்றது. கரைந்தது எங்கே செல்கின்றது? குடாநாட்டு மண்ணின் கீழே வெடிப்புகள் மலிந்த சுண்ணாம்புக்கல் உண்டு. அதனூடாக அச்சத்து நைத்திரேற்றாக மாறிக் கிணற்றை அடைகின்றது. நைத்திரேற்று மிகுந்த நீரிற் கரைத்த மாப்பால் கைக்குழந்தைக்குத் தீங்கு விளைக்கும். நீரைக் காய்ச்சினும் அது நீங்குவதில்லை.

ஆதலின், கொட்டிலில் நாடோறும் வைக்கோலையும் சருகையும் பரப்பிவைத்தல் வேண்டும். சலத்தை உறிஞ்சிய அப்படுக்கையைச் சாணத்தோடு கலந்து, கிணற்றுக்கு எட்டத்தில், வெள்ளம் நில்லாத மேட்டில், மரநிழலிற் கும்பமாக அடுக்கிக் கிடுகினால் மூடுக. ஒரு பிடியை எடுத்துப் பிழிந்தால் விரலிடையில் ஈரம் தெரியவேண்டும், நீர் சொட்டலாகாது. இரு வாரங்களுக்கொருமுறை புரட்டிவிடுக. அப்பொழுது கொழுத்த வெண்புழுக்கள் காணப்படின் பொறுக்கிக் கோழிக்கு இடுக; அவை பெரும்பாலும் தென்னங்குருத்தைத் துளைக்கும் வண்டின் புழுக்களே.

ஏறக்குறைய மூன்று மாதத்திற் சாண நாற்றம் அற்று, எரு கருநிறமாய் உதிரும். நடுகைக்கு முன் பரப்பு ஒன்றுக்கு 250 கிலோகிராம் வரை தூவி, அன்றைக்கே மண்வெட்டியாற் கொத்திப் புரட்டுக. மேலே கிடக்கவிட்டால், கும்பத்திற் காத்தது தோட்டத்திற் போய்விடும். கோழியெரு வீரியம் மிக்கது. மக்காததை இட்டால் இளங்கன்றின் வேர் கருகும். மக்கியதையும் குறைவாகவே இடுக. பச்சையாக உண்ணும் சலாது, வல்லாரை முதலியவற்றுக்கு நட்டபின் பச்சைச் சாணமோ அதன் கரைசலோ ஊற்றுதல் ஒருபோதும் ஆகாது.