வண்டின் வயிற்றில் தண்ணீர்

காற்றால் குளிரும் பழைய கார்களில், தண்ணீரால் குளிரும் இன்ஜினைப் பொருத்துவது பல நாடுகளில் ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்துவிட்டது. வேகமும் நிம்மதியும் கிடைக்கின்றன. பதிலுக்குக் கொடுக்க வேண்டியிருப்பது என்ன?

ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரின் முன்மூடியைத் திறந்தால் பெட்ரோல் டாங்க் தெரியும், ஸ்டெப்னி தெரியும், இரண்டு பெட்டிகள் வைக்கக் கொஞ்சம் இடம் தெரியும். இன்ஜின் இருப்பது பின்பக்கம். ரேடியேட்டர்? அது எந்தப் பக்கமும் கிடையாது. வண்டு என்று செல்லமாக அழைக்கப்பட்ட இந்தக் காரின் பெருமையே அதுதான். ரேடியேட்டர் இல்லாத காரில் தண்ணீர் கொதிக்காது. ஐரோப்பியக் குளிரில் உறைந்து இன்ஜினைப் பிளக்கவும் பிளக்காது. விற்பனை விளம்பரங்களும் இதைத்தான் உரக்கச் சொல்லின.

ஃபெர்டினாண்ட் போர்ஷே வடிவமைத்த இந்தக் காருக்காக ஜெர்மனியில் தொழிற்சாலை எழுப்பும் வேலை 1938இல் தொடங்கியது. மெக்சிகோவின் பூப்லா நகரத் தொழிற்சாலையிலிருந்து கடைசி வண்டு வெளியேறியது 2003 ஜூலை 30ஆம் தேதி. இடைப்பட்ட காலத்தில் உருவானவை 2,15,29,464 கார்கள். அத்தனையிலும் இன்ஜினைக் குளிர்வித்தது காற்றுதான்.

இப்போது அந்தக் கார்களில் சிலவற்றின் வயிற்றுக்குள் தண்ணீர் புகுந்துகொண்டிருக்கிறது. பழைய வண்டையோ, அதன் உடன்பிறப்பான கோம்பி வேனையோ பிரித்துப் போட்டுப் புதுப்பிக்கும் உரிமையாளர்கள், துருவைச் சுரண்டி, தகடு மாற்றி, பெயின்ட் அடிப்பதோடு நிற்பதில்லை. பழைய இன்ஜினை இறக்கி வைத்துவிட்டு ஜப்பானிய சுபாரு இன்ஜினை ஏற்றுகிறார்கள். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இதற்கென்றே இணைப்புத் தகடுகளும் குழாய்த் தொகுப்புகளும் செய்து விற்கும் பட்டறைகள் இருக்கின்றன.

சுபாருவைத் தேடிப் போவதற்குக் காரணம் இருக்கிறது. வண்டின் இன்ஜினில் நான்கு சிலிண்டர்கள் இரண்டிரண்டாக எதிரெதிர்த் திசையில் படுத்திருக்கும். சுபாரு இன்ஜினும் அதே ஜாதி. சுற்றும் திசையும் ஒத்துப்போகிறது. நடுவே சரியான தகட்டை வைத்து, ஃப்ளைவீலைப் பொருத்தமாக மாற்றினால் பழைய கியர்பாக்ஸுடன் கைகோத்துக்கொள்ளும். லாபமோ பெரிது. பிற்கால வண்டுகளின் 1600 சி.சி. இன்ஜின் தந்தது சுமார் 50 குதிரை சக்தி. 1990களின் தொடக்கத்தில் சுபாரு லெகசி காரில் வந்த ஈ.ஜே.22 என்ற 2.2 லிட்டர் இன்ஜின் தருவது சுமார் 135. மேடு ஏற மூச்சு வாங்கிய வேன், கார்களை முந்திக்கொண்டு போகிறது.

குற்றவாளி இன்ஜின்தானா?

இன்ஜினை மாற்ற நினைப்பவர்கள் சொல்லும் முதல் காரணம் சூடு. நெரிசலில் ஊர்ந்தால் சூடு. கோடையில் நெடுந்தூரம் போனால் சூடு. புகாரில் உண்மை உண்டு. ஆனால் முழு உண்மை இல்லை.

காற்றால் குளிரும் இன்ஜின் என்றால் ஏதோ போகிற போக்கில் வீசும் காற்றில் ஆறிக்கொள்ளும் என்று நினைக்கக் கூடாது. புல்லட் மோட்டார் சைக்கிளின் சிலிண்டரைச் சுற்றி வரிவரியாகத் தகடுகள் இருப்பதைப் பார்த்திருப்போம். வண்டின் சிலிண்டரிலும் அவை உண்டு. ஆனால் புல்லட்டின் இன்ஜின் திறந்த வெளியில் இருக்கிறது. வண்டின் இன்ஜினோ மூடிய பெட்டிக்குள் இருக்கிறது. எனவே டைனமோவின் அச்சில் ஒரு ஃபேன் வைத்து, பெல்ட்டால் சுழற்றி, தகரக் கூண்டு வழியாகக் காற்றை நான்கு சிலிண்டர்கள் மீதும் பாய்ச்சுகிறார்கள். பெல்ட் அறுந்தால் குளிர்ச்சி அந்த நிமிடமே நின்றுவிடும். டைனமோவும் கூடவே நிற்பதால் டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரியும். அதைப் பார்த்தும் ஓட்டிக்கொண்டே போனால் இன்ஜின் போச்சு.

அந்தத் தகரக் கூண்டும் அதன் ஓரங்களில் ஓடும் ரப்பர் பட்டைகளும்தான் ரகசியம். மேலே குளிர்ந்த காற்று, கீழே சூடான காற்று. இரண்டும் கலந்துவிடாமல் அவை தடுக்கின்றன. ஐம்பது ஆண்டுகளில் பல கைகள் மாறிய காரில் முதலில் காணாமல் போவதும் இவைதான். இன்ஜினை இறக்கி ஏற்றும் மெக்கானிக், எதற்கென்று தெரியாத தகரத்தைத் திரும்பப் பொருத்தாமல் விட்டுவிடுகிறார். வெளியே தள்ளிய சூட்டையே ஃபேன் மறுபடி உறிஞ்சுகிறது. பழி இன்ஜின் மீது விழுகிறது.

வடிவமைப்பிலேயே இருந்த குறைகளும் உண்டு. பழைய மாடல்களில் ஆயில் கூலர் மூன்றாவது சிலிண்டருக்குப் போகும் காற்றின் வழியில் நின்றது. அந்தச் சிலிண்டரின் வால்வு மற்றவற்றுக்கு முன்பே கெட்டுப்போவது உலகறிந்த கதை. 1970களின் தொடக்கத்தில் கூலரைத் தனி அறைக்குள் நகர்த்தி நிறுவனமே இதைச் சரிசெய்தது. பழைய இன்ஜினிலும் அந்த மாற்றத்தைச் செய்துகொள்ள முடியும். இந்த இன்ஜினுக்கான பிஸ்டன், சிலிண்டர், வால்வு எல்லாம் இன்றும் புதிதாகத் தயாராகி விற்பனைக்கு வருகின்றன. ஆக, சூடுதான் பிரச்சினை என்றால் பாதி வழக்குகளை ரப்பர் பட்டையும் ஒழுங்கான ட்யூனிங்கும் முடித்துவைத்துவிடும்.

தண்ணீர் என்ற தரகர்

சக்தியும் வேண்டும், தினசரி ஓட்டவும் வேண்டும் என்பவர்களுக்கு இந்தப் பதில் போதாது. அவர்களுக்குத் தண்ணீர் வேண்டும். ஒரே கன அளவை எடுத்துக்கொண்டால் காற்றைவிட ஏறத்தாழ 3,500 மடங்கு சூட்டைத் தண்ணீர் சுமக்கும். சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் ஓடினால் வெப்பம் ஒரே நிலையில் நிற்கும், உலோகம் தாறுமாறாக விரியாது, பெட்ரோல் சீராக எரியும், புகை குறையும், தண்ணீர் உறை சத்தத்தையும் விழுங்கிக்கொள்ளும். உலகம் முழுவதும் புகை, இரைச்சல் சட்டங்கள் இறுக இறுகக் காற்று இன்ஜின்கள் ஒவ்வொன்றாக விடைபெற்றதற்கு இதுவே காரணம்.

ஆனால் தண்ணீர் ஒரு தரகர் மட்டுமே. இன்ஜினிடம் வாங்கிய சூட்டைக் கடைசியில் காற்றிடம்தான் விற்றாக வேண்டும். அந்தப் பரிமாற்றம் நடக்கும் சந்தைதான் ரேடியேட்டர். ரேடியேட்டருக்காக ஒரு விரல்கடை இடம்கூட ஒதுக்காமல் வரையப்பட்ட கார் வண்டு. இன்ஜினை மாட்டுவது ஒரு வார இறுதி வேலை. ரேடியேட்டருக்கு இடம் தேடுவதுதான் பல மாத வேலை.

பின்பக்கம் இன்ஜினுக்கு அருகிலேயே வைத்தால் குழாய் குறையும். ஆனால் ஓடும் காரின் பின்புறத்தில் எதிர்காற்று கிடைக்காது. இன்ஜினின் சூட்டையே அது சுவாசிக்கும். காருக்கு அடியில் படுக்கவைத்தால் கல்லும் சேறும் அடிக்கும். முன்னால் வைப்பதுதான் முறை. அப்படியானால் முன்தகட்டில் காற்றுக்கு வழி வெட்ட வேண்டும். உள்ளே போன காற்று வெளியேறவும் வழி வேண்டும். ஸ்டெப்னி இடத்தைக் காலிசெய்ய வேண்டும். அங்கிருந்து பின்பக்கம் வரை தண்ணீர் போகவும் வரவும் காரின் அடிவயிற்றில் நீண்ட குழாய்கள் இரண்டு ஓட வேண்டும்.

நீளமான குழாய் என்றால் காற்றுக் குமிழி சிக்கிக்கொள்ளும். குமிழி நிற்கும் இடத்தில் தண்ணீர் நகராது. எனவே ஆக உயரமான இடத்தில் விரிவுத் தொட்டி, காற்றை வெளியேற்றத் தனித் திருகு, கூலன்ட் ஊற்றும்போது காரின் மூக்கைத் தூக்கி நிறுத்தும் சடங்கு எல்லாம் தேவை. தெர்மோஸ்டாட் இன்னொரு கண்ணி. சுபாரு இன்ஜினில் அது பம்புக்குள் தண்ணீர் நுழையும் வாயிலில் இருக்கிறது. ஹீட்டர் வழியாகச் சுற்றி வரும் வெந்நீர் பட்டால்தான் அதற்கு விழிப்பு வரும். நம் ஊர் வெயிலில் ஹீட்டர் எதற்கு என்று அந்தக் குழாயை அடைத்துவிட்டால், இன்ஜின் கொதிக்கும்போதும் தெர்மோஸ்டாட் உறங்கிக்கொண்டிருக்கும்.

பிறகு வரிசையாகச் செலவுகள். 1967க்கு முந்தைய பல வண்டுகளில் மின்சாரம் 6 வோல்ட். அதை 12 ஆக்க வேண்டும். புதிய இன்ஜினின் மூளையான ஈ.சி.யூ. பெட்டியையும் அதன் வயர் காட்டையும் பழைய காருக்குள் அடக்க வேண்டும். ஆயில் சம்ப் தரையைத் தட்டாமல் இருக்க அதை வெட்டிக் குட்டையாக்க வேண்டும். 50 குதிரைகளுக்காகச் செய்த கியர்பாக்ஸ் 135 குதிரைகளின் உதையை எத்தனை நாள் தாங்கும்? டிரம் பிரேக்குகள் அந்த வேகத்தை நிறுத்துமா? பழைய வண்டுகளின் பின்சக்கர அமைப்பு, வளைவில் வேகமாகத் திரும்பினால் சக்கரத்தை உள்பக்கமாக மடக்கிவிடும் சுபாவம் கொண்டது. இன்ஜினுக்குப் பணம் ஒதுக்கிவிட்டு பிரேக்குக்கு ஒதுக்காதவர் அடுத்தவர் உயிருக்கும் சேர்த்து உலை வைக்கிறார்.

முதலாளியே செய்த மாற்றம்

அசல் மாறக் கூடாது என்று கொடி பிடிப்பவர்களுக்கு எதிராகத் தண்ணீர்க் கட்சிக்கு ஒரு வலுவான சாட்சி உண்டு: ஃபோக்ஸ்வேகன் நிறுவனமே. அதன் மூன்றாம் தலைமுறை வேன் 1979இல் காற்று இன்ஜினுடன்தான் வந்தது. 1982இல் அதே வேனின் பின்பக்கம் தண்ணீர் இன்ஜின் ஏறியது. முன்பக்கம் ரேடியேட்டருக்காக இரண்டாவது கிரில் முளைத்தது. பிரேசிலில் பழைய கோம்பிக்கு 2005 டிசம்பர் வரை காற்றுதான். புகைச் சட்டம் நெருக்கியதும் 1.4 லிட்டர் தண்ணீர் இன்ஜின் வந்தது. அழகான வட்ட முகத்தில் கறுப்பாக ஒரு ரேடியேட்டர் பெட்டி ஒட்டிக்கொண்டது. அந்தக் கோலத்திலேயே 2013 இறுதி வரை அது தயாரானது. போர்ஷே 911கூட 1998இல் காற்று இன்ஜினுக்கு விடைகொடுத்தது. ராயல் என்ஃபீல்டு 2023இல் ஹிமாலயன் 450 மூலம் தன் முதல் திரவக் குளிர்ச்சி இன்ஜினைக் கொண்டுவந்தது.

ஆனால் சாட்சி முழுவதையும் கேட்க வேண்டும். பொறியாளர் படையும் சோதனைக்கூடமும் வைத்திருந்த நிறுவனமே 1982 வேனில் திணறியது. அந்த இன்ஜினின் சிலிண்டர் ஹெட்டில் அரிப்பும் கூலன்ட் கசிவும் அதற்குத் தீராத கெட்ட பெயர் வாங்கித் தந்தன. தொழிற்சாலைக்கே இந்தப் பாடு என்றால் தெருமுனைப் பட்டறை எத்தனை எச்சரிக்கையாக இருக்க வேண்டும்?

சட்டத்தின் கண்

இந்தியாவில் கேள்வி இன்னும் கூர்மையானது. பழங்கால வாகனங்களுக்கான மத்திய அரசின் விதிகள் 2021 ஜூலையில் அறிவிக்கப்பட்டன. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைத் தாண்டிய இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்களை ‘வி.ஏ.’ எழுத்துகள் கொண்ட தனி வரிசையில் பதிவுசெய்யலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். ஆனால் நிபந்தனை கறாரானது: வாகனம் அசல் வடிவில் இருக்க வேண்டும், சேஸி, பாடி, இன்ஜின் ஆகியவற்றில் மாற்றம் செய்திருக்கக் கூடாது. சுபாரு இன்ஜின் ஏறிய வண்டு இந்த வாசலில் நுழைய முடியாது.

சாதாரணப் பதிவிலேயே இருக்கட்டும் என்றாலும் நிம்மதி இல்லை. உற்பத்தியாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்தமாகச் சொல்லிவிட்டது. ஆர்.சி.யில் ஒரு இன்ஜின் எண்ணும் வண்டியில் வேறொன்றும் இருந்தால் இன்ஷூரன்ஸ் கேட்கும் நாளில்தான் வலி தெரியும். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்தில் பதில் வாங்காமல் ஸ்பேனரைத் தொடுவது புத்திசாலித்தனம் அல்ல.

பழைய வாகனங்களுக்கான சர்வதேசக் கூட்டமைப்பான ‘ஃபிவா’ உருவாக்கிய டூரின் சாசனம் சொல்லும் வழி நிதானமானது. மாற்றம் தவிர்க்க முடியாததென்றால் அது கண்ணை உறுத்தாமல் இருக்கட்டும். திரும்பப் பழையபடி ஆக்கக்கூடியதாக இருக்கட்டும். கழற்றிய பாகங்கள் காருடனேயே இருக்கட்டும் என்பது அதன் சாரம்.

இதில் ஒரு நடைமுறை அளவுகோல் இருக்கிறது. போல்ட்டால் மாட்டியதைப் போல்ட்டைக் கழற்றி எடுத்துவிடலாம். கேஸ் கட்டரால் வெட்டிய முன்தகட்டை மீட்க முடியாது. ஏற்கெனவே துருவேறி, இன்ஜின் தொலைந்து, பல விபத்துகளில் அடிபட்டு முகம் மாறிப்போன கூட்டில் தண்ணீர் இன்ஜினை ஏற்றுபவர், காயலான் கடைக்குப் போகவிருந்த ஒரு காருக்கு இன்னொரு வாழ்க்கை தருகிறார். பிறந்தபோது இருந்த எண்ணுடன் அதே இன்ஜின் இன்னும் துடித்துக்கொண்டிருக்கும் காரை வெட்டுபவரோ, இனி தயாரிக்கவே முடியாத ஒன்றை அழிக்கிறார். இரண்டு கார்களும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். வித்தியாசம் இன்ஜினை இறக்கும் முன் எடுக்கும் முடிவில் இருக்கிறது.

அப்படியும் இறக்கியே தீர வேண்டும் என்றால், பழைய இன்ஜினுக்கு ஆயில் பூசி, துளைகளை அடைத்து, தகரக் கூண்டையும் சேர்த்துக் கட்டி ஷெட்டின் மூலையில் வைத்துவிடுவது நல்லது. காரை அடுத்து வாங்குபவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.