இரு தேர்வுகள், இரு கணக்குகள்

மும்பையில் தமிழர் நெடுங்காலமாக வாழும் மாட்டுங்காவில் புகழ்பெற்ற கல்வி நிறுவனங்கள் இரண்டு உள்ளன. 1887இல் விக்டோரியா ஜூபிலி தொழில்நுட்பக் கழகமாகத் தொடங்கி, இன்று வீரமாதா ஜீஜாபாய் தொழில்நுட்பக் கழகம் எனப்படுவது ஒன்று; 1933இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் ஒரு துறையாகத் தோன்றிய வேதித் தொழில்நுட்பக் கழகம் மற்றொன்று. தாராவியிலிருந்து நடந்தே செல்லலாம். ஆயினும் மாணவராக உள்ளே நுழைய நுழைவுத்தேர்வைக் கடந்தாக வேண்டும். மகாராட்டிர மாநிலப் பொது நுழைவுத்தேர்வான சி.இ.டி., தேசிய அளவிலான ஜே.இ.இ. முதன்மைத் தேர்வு ஆகிய இரண்டும் இங்குள்ள பொறியியல் இடங்களுக்கு வழியாகின்றன. ஆதலால் மும்பை மாணவர் பலர் இரண்டையும் எழுதுகின்றனர். ஒரே முறையில் எழுதி மதிப்பெண்ணையும் இழக்கின்றனர்.

2025ஆம் ஆண்டு நடைமுறைப்படி ஜே.இ.இ. தேர்வில் 75 வினாக்கள், 180 நிமிடங்கள். ஒரு வினாவிற்குச் சராசரியாக 144 நொடி கிடைக்கிறது. சி.இ.டி. தேர்விலோ இயற்பியலும் வேதியியலும் சேர்ந்து 100 வினாக்கள், 90 நிமிடங்கள். அதாவது வினாவிற்கு 54 நொடி. அடுத்த 90 நிமிடங்களில் கணிதத்தில் 50 வினாக்கள். ஒவ்வொன்றிற்கும் இரண்டு மதிப்பெண். ஜே.இ.இ.க்கு ஆழ்ந்து சிந்தித்துப் பழகியவர் சி.இ.டி. அறையில் நேரம் போதாமல் தவிப்பது இதனால்தான். கடிகாரத்தை வைத்துக்கொண்டு விரைந்து எழுதும் பயிற்சி அதற்குத் தனியாக வேண்டும்.

தவறான விடைக்குரிய கணக்கும் வேறுபடுகிறது. சி.இ.டி.யில் தவறுக்கு மதிப்பெண் குறைக்கப்படுவதில்லை. ஆகவே ஒரு வினாவையேனும் விடையளிக்காமல் விட்டுவருவது வீண் இழப்பு. கடைசி இரண்டு நிமிடங்களை இதற்கென ஒதுக்குவோர் அறிவுடையோர்.

ஜே.இ.இ.யில் சரியான விடைக்கு 4 வரும். தவறுக்கு 1 போகும். நான்கு விடைகளுள் எதுவும் புலப்படாமல் நான்கு வினாக்களுக்குக் குறித்தால், சராசரியாக ஒன்று சரியாகி 4 கிடைக்கும், மூன்று தவறாகி 3 குறையும். எஞ்சுவது 1. அதுவும் உறுதியன்று, நான்கும் தவறி 4 மதிப்பெண் இழப்போரும் உளர். மாறாக, பொருந்தாத இரண்டு விடைகளை முதலில் விலக்கிவிட்டுக் குறித்தால், நான்கில் இரண்டு சரியாக வாய்ப்புண்டு: வரவு 8, செலவு 2, எஞ்சுவது 6. ஊகிப்பதைவிட விலக்குவதே பயிற்சிக்குரியது. எண்ணைத் தாமே தட்டச்சு செய்ய வேண்டிய வினாக்களில் விலக்குவதற்கு விடைகளே இல்லை. தெரியாவிடில் கடந்து செல்வதே நன்று.

மத்தியப் பள்ளி மாணவர் கவனிக்க வேண்டியது இன்னொன்று உண்டு. அவர்கள் பயில்வன என்.சி.இ.ஆர்.டி. நூல்கள், சி.இ.டி. வினாக்களோ மகாராட்டிர மாநிலப் பாடத்திட்டத்தைத் தழுவியவை. ஏறத்தாழ 80 விழுக்காடு பன்னிரண்டாம் வகுப்பிலிருந்தும், 20 விழுக்காடு பதினொன்றிலிருந்தும் வருகின்றன. பால்பாரதி வெளியிடும் மாநில நூல்களைப் பெற்று, தம் நூலில் இல்லாத பகுதிகளைக் குறித்துக்கொள்ள ஒரு வாரம் போதும். விலையுயர்ந்த பயிற்சி மையத்தில் சேர இயலாத மாணவர்க்கு இது பெருந்துணை.

முந்தைய வினாத்தாள்களை எழுதிப் பார்ப்பது அனைவரும் அறிந்த முறை. எழுதியபின் தவறுகளைப் பிரித்தறிவோர் சிலரே. பாடம் தெரியாமல் வந்த தவறு, கணக்கிடுகையில் நேர்ந்த தவறு, வினாவைப் பிழைபடப் படித்த தவறு என மூன்று பத்திகளாக ஒரு குறிப்பேட்டில் எழுதிவந்தால், பயிற்சி எங்குத் தேவை என்பது ஓரிரு வாரங்களில் வெளிப்படும். வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பள்ளியில் ஆங்கிலம் என வாழும் பிள்ளைகளுக்கு மூன்றாம் பத்தி நீள்வது இயல்பு. ‘நாட்’, ‘எக்செப்ட்’, ‘இன்கரெக்ட்’ போன்ற சிறு சொற்கள் கண்ணுக்குத் தப்பிவிடுகின்றன. வினாவை மனத்திற்குள் ஒருமுறை தமிழில் சொல்லிப் பார்த்தபின் விடை தேடினால் இத்தவறு குறையும்.

ஜே.இ.இ. வினாத்தாள் தமிழிலும் வழங்கப்படுவது உண்மையே. ஆனால் அது தமிழ்நாடு, புதுச்சேரி, அந்தமான் நிக்கோபார் ஆகிய பகுதிகளின் மையங்களில் மட்டுமே கிடைக்கும். மும்பை மையத்தைத் தேர்ந்தெடுப்பவர் விண்ணப்பம் நிரப்பும்போதே இதனை நினைவிற்கொள்ள வேண்டும். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான கியூட் தேர்விலோ தமிழையே ஒரு மொழிப்பாடமாக எடுத்து, மும்பையில் வளர்ந்த பிள்ளையும் எழுதலாம்.