தொலைநோக்கிக்கும் ஒரு குல்லா

மொட்டை மாடியில் தொலைநோக்கி வைத்திருப்பவர்கள் ஆண்டு முழுக்கக் காத்திருப்பது மார்கழி, தை இரவுகளுக்காகத்தான். மழை ஓய்ந்து வானம் கழுவிவிட்டதுபோல் இருக்கும். ஓரியன் நெபுலா உயரத்தில் நிற்கும். ஆனால் பத்து, பதினோரு மணிவாக்கில் நட்சத்திரங்களைச் சுற்றி மெல்லிய ஒளிவட்டம் தட்டுப்படும். ஃபோகஸ் விலகிவிட்டதோ என்று குமிழைத் திருகிக்கொண்டிருக்கும்போதே நெபுலா மங்கிக் கரைந்துவிடும். டார்ச் அடித்துப் பார்த்தால் முன்புறக் கண்ணாடி முழுக்கப் பனி.

"தலையில பனி இறங்குது, குல்லா போடு" என்று வீட்டில் அதட்டுவார்கள். உண்மையில் பனி மேலிருந்து இறங்குவதில்லை. சுற்றியுள்ள காற்றின் நீராவிதான், போதுமான அளவு குளிர்ந்த பரப்பு கிடைத்ததும் அதில் நீராகப் படிகிறது. சரி, கண்ணாடி ஏன் காற்றைவிடக் குளிர்கிறது? லண்டன் மருத்துவர் வில்லியம் சார்லஸ் வெல்ஸ் 1814இல் வெளியிட்ட நூலில் இதற்கு விடை இருக்கிறது. கம்பளித் துணுக்குகளை எடைபோட்டு, சிலவற்றைப் பலகையின் மேற்புறமும் சிலவற்றை அடிப்புறமும் வைத்தார். மீண்டும் எடைபோட்டபோது, வானைப் பார்த்துக் கிடந்தவையே அதிக நீர் குடித்திருந்தன. பொருள் தன் வெப்பத்தை வானுக்கு இழந்து முதலில் குளிர்கிறது, பிறகே பனி படிகிறது என்று அவர் காட்டினார். வெட்டவெளியில் நின்ற பைக்கின் சீட்டைக் காலையில் தொட்டுப் பாருங்கள், சொட்டச் சொட்ட நனைந்திருக்கும். வேப்பமரத்தடியில் நின்ற வண்டியோ காய்ந்திருக்கும். அன்று இரவு இரண்டும் நின்றது ஒரே காற்றில்தான்.

காற்று 20 டிகிரி செல்சியஸ், ஒப்பு ஈரப்பதம் 90 சதவீதம் என்றால் பனிநிலை, அதாவது பனி படியத் தொடங்கும் வெப்பநிலை, ஏறத்தாழ 18.3 டிகிரி. கண்ணாடி இரண்டு டிகிரிகூடக் குளிர வேண்டாம், பனி பிடித்துவிடும். தெளிந்த வானை நோக்கி அகச்சிவப்புக் கதிர்களாக வெப்பத்தைக் கொட்டும் கண்ணாடிக்கு அது வெகு சுலபம்.

ஆகவே முதல் செலவு ஹீட்டருக்கு அல்ல. பலர் நேரே அதைத்தான் வாங்குகிறார்கள். முதலில் கண்ணாடிக்குத் தெரியும் வானத்தைக் குறைக்க வேண்டும். காவலூரில் இருக்கும் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கிக்குக் குவிமாடமே பெரிய மறைப்பு. திறப்பு வழியே தெரிவது வானின் ஒரு கீற்றுதான். நமக்கு ட்யூ ஷீல்டு போதும். கண்ணாடிக்கு முன்னால் நீளும் வெறும் குழாய்தான் அது. நீளம் விட்டத்தைப்போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு. 8 அங்குலத் தொலைநோக்கிக்கு 12 முதல் 16 அங்குலம். பழைய யோகா பாயை வெட்டிச் சுருட்டி வெல்க்ரோ ஒட்டினால் கடைச்சரக்குக்குச் சளைக்காது. உலோகக் குழாய் தானும் குளிர்ந்துபோகும். சார்ட் அட்டை பனியைக் குடித்துத் தொங்கும். பக்கத்து வீட்டு எல்இடி விளக்கின் வெளிச்சத்தையும் ஷீல்டு மறைக்கும் என்பது கொசுறு லாபம்.

நியூட்டோனியன் வகைக்கு இந்தக் கவலை குறைவு. பெரிய ஆடி குழாயின் அடியில் கிடப்பதால் குழாயே அதைக் காக்கிறது. மேலேயுள்ள சிறிய ஆடியும் ஃபைண்டரும்தான் நனையும். முன்புறத்தில் மெல்லிய கண்ணாடித் தகடு கொண்ட ஷ்மிட்-காசிக்ரேன் வகைதான் அதிகம் அவதிப்படும்.

ஷீல்டு பனியைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். விடியும்வரை படமெடுப்பவர்களுக்கு ஹீட்டர் பட்டையும் வேண்டும். கண்ணாடியின் விளிம்பை ஒட்டிக் குழாயைச் சுற்றிக் கட்ட வேண்டும். பனிநிலைக்கு ஓரிரு டிகிரி மேலே கண்ணாடியை வைத்திருந்தால் போதும். சூடு கூடினால் குழாய்க்குள் காற்று அலைபாய்ந்து, வியாழனின் பட்டைகள் கொதிப்பதுபோல் ஆடும். அதனால்தான் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் கன்ட்ரோலர் இல்லாத பட்டையை நான் சிபாரிசு செய்வதில்லை. சாலிடரிங் கைவந்தவர்கள் சென்னை ரிச்சி தெருவில் 330 ஓம், ஒரு வாட் ரெசிஸ்டர்கள் முப்பது வாங்கி, பக்க இணைப்பாகக் கோத்துவிடலாம். 12 வோல்ட்டில் அது சுமார் 13 வாட் கொடுக்கும், 1.1 ஆம்பியர் இழுக்கும். யுபிஎஸ்ஸில் வரும் 7 ஆம்பியர்-மணி பேட்டரியைப் பாதிக்கு மேல் வடிக்காமல் ஓட்டினால் மூன்று மணி நேரம் தாங்கும். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் போடாமல் இணைக்காதீர்கள்.

ஹேர் டிரையர் அவசரத்துக்கு உதவும், ஆனால் ஊதி முடித்த நிமிடமே கண்ணாடி மறுபடி குளிரத் தொடங்கும். துணியால் துடைப்பது மட்டும் கூடவே கூடாது. தூசியோடு தேய்த்தால் மேற்பூச்சில் கீறல் விழும். ஈரத்தோடு மூடி போட்டுப் பெட்டியில் வைத்தால் நம் ஊர்ப் புழுக்கத்தில் பூஞ்சை பிடித்துவிடும். மின்விசிறிக்கடியில் நன்றாகக் காயவிட்டு மூடுங்கள்.

கடலோரக் கோடையில் கதை தலைகீழ். சென்னையில் பனிநிலையே 25 டிகிரியைத் தாண்டும் இரவுகள் உண்டு. ஏசி அறையில் 22 டிகிரியில் இருந்த தொலைநோக்கியை மாடிக்குக் கொண்டுபோய் மூடியைத் திறந்தால் நொடியில் வேர்த்துவிடும். வானம் அங்கே குற்றவாளி இல்லை என்பதால் ஷீல்டும் உதவாது. சாயங்காலமே ஏசி இல்லாத அறைக்கு மாற்றிவிடுங்கள். முடியாவிட்டால் மூடியைக் கழற்றாமல் அரைமணி, முக்கால்மணி மாடியில் வைத்திருந்து பிறகு திறங்கள்.