மூன்று விநாடிக் கணக்கு

மாடு மேயாத புல். கட்டுக் கட்டி விற்காத புல். ஆனாலும் அமெரிக்காவில் அது வளர்ந்து கிடக்கும் பரப்பு ஏறத்தாழ 1,63,800 சதுர கிலோமீட்டர் என்று 2005இல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. செயற்கைக்கோள் தரவுகளை வைத்து அந்தக் கணக்கைப் போட்டவர்கள் நாசாவோடு பணியாற்றிய கிறிஸ்டினா மிலேசியும் அவரது குழுவினரும். தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பே 1,30,000 சதுர கிலோமீட்டர்தான். நம் மாநிலத்தை அப்படியே தூக்கி அந்தப் புல்வெளியில் வைத்தாலும் சுற்றிலும் இடம் மிஞ்சும்.

இவ்வளவு புல்லையும் யாராவது வெட்டியாக வேண்டும். கோடை வந்துவிட்டால் வாரம் ஒரு முறை. வீட்டுக்காரர்கள் தாங்களே வெட்டுவது ஒரு பங்கு. கல்லறைத் தோட்டம், பள்ளி மைதானம், அலுவலக வளாகம் ஆகியவற்றையும் நேரமில்லாதவர்களின் வீட்டு முற்றங்களையும் வெட்டித் தருவது தனித் தொழில். காலையில் பிக்அப் வண்டி ஒன்று இழுவைப் பெட்டியோடு வந்து நிற்கும். மூன்று நான்கு பேர் இறங்குவார்கள். பலர் மெக்சிகோவிலிருந்து பருவகால வேலைக்கான எச்-2பி விசாவில் வந்தவர்கள். அந்த விசாவில் வருவோரில் தோட்டப் பராமரிப்பு வேலைக்காரர்களே அதிகம். பெட்டியிலிருந்து அவர்கள் இறக்கும் இயந்திரத்தைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை.

நம் ஊரில் புல் வெட்டும் மிஷின் என்றால் தோளில் மாட்டிக்கொண்டு வீசும் கருவிதான் பெரும்பாலும் நினைவுக்கு வரும். இது வேறு. முன்னால் அகலமான இரும்பு மூடி, அதன் மேல் எஞ்சின், பின்னால் இரண்டு பெரிய சக்கரங்கள், அவற்றுக்கும் பின்னால் நீண்ட கைப்பிடி. ஓட்டுபவர் கைப்பிடியைப் பிடித்தபடி நடப்பார். இடது லிவரை அழுத்தினால் இடது சக்கரம் மெதுவாகி வண்டி இடப்பக்கம் திரும்பும். வெட்டும் அகலம் பெரும்பாலும் 32 அங்குலத்தில் தொடங்கி 52 அங்குலம் வரை போகும். பெரிய வகைகள் எடையில் புல்லட் பைக்கையே மிஞ்சும். மூடிக்குள்ளே இரண்டு அல்லது மூன்று பிளேடுகள் கிடைமட்டமாகச் சுழலும். எல்லா வம்பும் அங்கேதான்.

வயலில் கதிர் அறுப்பவரைக் கவனித்தால் ஒரு பௌதிகப் பாடம் கிடைக்கும். இடது கை தாளைக் கொத்தாகப் பிடிக்கும். வலது கை அரிவாளை இழுக்கும். பிடித்துக்கொள்ளக் கை இருப்பதால் அரிவாளுக்கு வேகம் தேவையில்லை. முதல் புல்வெட்டும் இயந்திரமும் அப்படித்தான் வேலை செய்தது. இங்கிலாந்தின் ஸ்ட்ரவுட் பகுதியைச் சேர்ந்த எட்வின் பட்டிங் 1830இல் காப்புரிமை பெற்ற இயந்திரம் அது. அந்த வட்டாரம் கம்பளித் துணிக்குப் பேர் போனது. நெய்த துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் இழைகளை மழித்தெடுக்கும் ஆலை இயந்திரத்தைப் பார்த்துத்தான் அவருக்கு யோசனை பிறந்தது. உருளையில் பொருத்திய கத்திகள் கீழே அசையாமல் நிற்கும் ஒரு கத்தியோடு சேர்ந்து கத்தரிக்கோல் போல நறுக்கும். கனவான்கள் தாங்களே தள்ளிப் பார்த்தால் நல்ல பொழுதுபோக்கும் தேகப்பயிற்சியும் ஆகும் என்று தம் காப்புரிமை ஆவணத்தில் அவர் எழுதியிருந்தார். கிரிக்கெட் ஆடுகளங்களில் இன்றும் உருள்வது அவர் இயந்திரத்தின் வாரிசுதான்.

கிடைமட்டமாகச் சுழலும் பிளேடுக்கோ அந்த இடது கை இல்லை. புல்லைப் பிடித்துக்கொள்ள யாரும் இல்லை. மெதுவாகப் போய் மோதினால் புல் வளைந்து கொடுத்துத் தப்பிவிடும். வளைவதற்குள் வெட்டியாக வேண்டும். அதற்கு ஒரே வழி, அசுர வேகம். வீட்டு உபயோகத்துக்கான 21 அங்குல பிளேடு நிமிடத்துக்கு 3,000 முறை சுற்றுகிறது என்று வைத்துக்கொண்டால் அதன் நுனி மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறது. வந்தே பாரத் ரயில் ஓட்டத்தில் எட்டும் 160 கிலோமீட்டரைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. அமெரிக்கத் தொழில்துறைத் தரம் நுனி வேகத்துக்கு வைத்திருக்கும் உச்ச வரம்பு நிமிடத்துக்கு 19,000 அடி, அதாவது மணிக்கு 347 கிலோமீட்டர். தொழில்முறை இயந்திரங்கள் இந்த வரம்பை ஒட்டியே ஓடுகின்றன.

பிளேடின் பின்விளிம்பு சற்று மேல்நோக்கி வளைந்திருக்கும். விசிறி இறகு போல அது காற்றை மேலே இழுக்கும். படுத்துக் கிடக்கும் புல் நிமிர்ந்து நிற்கும். வெட்டிய துண்டுகள் பக்கவாட்டு வாயில் வழியே வெளியே பறக்கும். அழகான ஏற்பாடுதான். ஆனால் புல்லுக்கும் கல்லுக்கும் கம்பித் துண்டுக்கும் பிளேடு வேறுபாடு பார்ப்பதில்லை. சின்ன எலுமிச்சை அளவுள்ள 50 கிராம் கல்லுக்குப் பிளேடு நுனியின் வேகம் முழுவதும் கிடைத்துவிட்டால் அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 175 ஜூல். மணிக்கு 150 கிலோமீட்டரில் வீசப்படும் கிரிக்கெட் பந்துக்கு 140 ஜூல். பந்தாவது உருண்டை, மட்டையோடு எதிரே நிற்பவருக்குத் தலைக்கவசமும் உண்டு. நடைபாதையில் போகும் குழந்தைக்கு என்ன உண்டு? வாயிலை மறைக்கும் தடுப்பு மடலைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது, புல் நன்றாகச் சிதறும் என்று. அதைவிட மோசமான சிக்கனம் கிடையாது. வெட்டும் முன் இடத்தை ஒரு முறை நடந்து பார்த்துக் கல், குச்சி, நாயின் எலும்பு, தண்ணீர்க் குழாயின் முனை எல்லாவற்றையும் பொறுக்கிவிடுவதும், ஆள் நடமாடும் பக்கம் வாயிலைத் திருப்பாமல் இருப்பதும் பாதிப் பாதுகாப்பைத் தந்துவிடும்.

மீதிப் பாதி, கையும் காலும் சம்பந்தப்பட்டது. அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் 1970களின் இறுதியில் கணக்கெடுத்தபோது, புல்வெட்டியின் பிளேடு பட்டுக் காயமடைவோர் ஆண்டுக்குச் சுமார் 77,000 பேர் என்று தெரியவந்தது. விரலோ வேறு உறுப்போ துண்டானவர்கள் மட்டும் ஏழாயிரத்தைத் தாண்டினார்கள். பெரும்பாலும் கதை ஒன்றுதான்: ஈரப் புல் மூடிக்குள் அடைத்துக்கொள்ளும், ஓட்டுபவர் குனிந்து கையால் எடுக்கப் போவார், பிளேடு இன்னும் சுழன்றுகொண்டிருக்கும்.

ஆணையம் கொண்டுவந்த விதி 1982இல் நடைமுறைக்கு வந்தது. கைப்பிடியிலிருந்து கையை எடுத்தால் மூன்றே விநாடிக்குள் பிளேடு நின்றுவிட வேண்டும். கைப்பிடியிலிருந்து குனிந்து பிளேடு வரை கை போய்ச் சேர ஆகும் நேரத்தோடு போட்டி போடும் கணக்கு அது. அதனால்தான் இன்று கடையில் வாங்கும் நடைவகைப் புல்வெட்டியில் கைப்பிடியோடு சேர்த்துப் பிடிக்க ஒரு கம்பி இருக்கிறது. விட்டால் பெரும்பாலானவற்றில் எஞ்சினே அணைந்துவிடும்.

மூன்று விநாடி கொஞ்ச நேரமாகத் தோன்றலாம். 3,000 சுற்று வேகத்திலிருந்து சீராகக் குறைந்து நிற்பதாகக் கொண்டால் அந்த மூன்று விநாடிக்குள் பிளேடு இன்னும் 75 முறை சுற்றும். இரண்டு முனைகள் இருப்பதால் 150 வெட்டு. முக்கால் கிலோ எடைகூட இல்லாத அந்த இரும்புப் பட்டைக்குள் சேர்ந்திருக்கும் ஆற்றல், 50 கிலோ அரிசி மூட்டையை ஒன்றரை மீட்டர் உயரத்துக்குத் தூக்கப் போதும். பிரேக் இல்லாவிட்டால் அது தானாகத் தணிய எவ்வளவு நேரம் ஆகும் என்பதை மின்விசிறியை அணைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தவர்கள் ஊகிக்கலாம்.

இனிதான் விஷயமே இருக்கிறது. வெட்டும் அகலம் 30 அங்குலத்துக்குக் குறையாமல், எடை 200 பவுண்டுக்குக் குறையாமல், எஞ்சின் 8 குதிரைத் திறனுக்குக் குறையாமல் இருக்கும் இயந்திரத்துக்கு இந்த விதி பொருந்தாது. காரணம் புரியாததல்ல. ஆணையத்தின் அதிகாரம் நுகர்வோர் பொருள்களோடு முடிகிறது. சரி, தொழிலாளர் பாதுகாப்பைக் கவனிக்கும் ஓஷா அமைப்பு? அதன் விதித்தொகுப்பிலும் புல்வெட்டிக்கென ஒரு பகுதி உண்டு. அதிலும் வணிகப் பயன்பாட்டுக்கான இயந்திரங்களுக்கு விலக்கு. ஆக, வாரம் ஒரு மணி நேரம் வெட்டும் வீட்டுக்காரருக்குச் சட்டம் விநாடிக் கணக்கில் காவல் நிற்கிறது. நாள் முழுக்க, இன்னும் பெரிய இயந்திரத்தோடு நடப்பவருக்கு அந்தக் காவல் இல்லை. முதலாளி பாதுகாப்பான வேலையிடம் தர வேண்டும் என்ற பொதுக் கடமை அவருக்கும் உண்டு; தயாரிப்பாளர்களும் தொழில்துறைத் தரங்களைப் பின்பற்றி, கையை எடுத்தால் நிற்கும் லிவரையும் பிளேடு பிரேக்கையும் பொருத்தித்தான் அனுப்புகிறார்கள். ஆனால் அது காலையிலிருந்து மாலை வரை சரியாக வேலை செய்கிறதா என்பது ஓட்டுபவரின் பொறுப்பாகிவிடுகிறது.

அந்த லிவரைக் கம்பியாலோ பிளாஸ்டிக் கட்டாலோ கைப்பிடியோடு சேர்த்துக் கட்டிவிடும் பழக்கம் இந்தத் தொழிலின் பழைய நோய். எட்டு மணி நேரம் அழுத்திப் பிடித்தால் விரல் மரத்துப்போகும், கட்டிவிட்டால் சுகம். கட்டியவர் சோம்பேறி என்று திட்டிப் பயனில்லை. அழுத்த வேண்டிய விசை அதிகமாக இருந்தால் ஸ்பிரிங்கும் கேபிளும் சரியில்லை என்று அர்த்தம். பழுது பார்க்க வேண்டியது அதைத்தான். காலையில் வேலை தொடங்கும் முன் சமதரையில் பிளேடை ஓடவிட்டு, லிவரை விட்டு, நிற்கிறதா என்று பார்க்க அரை நிமிடம் போதும்.

சரிவு இன்னொரு பொறி. பெரும்பாலான கையேடுகள் 15 பாகையைத் தாண்ட வேண்டாம் என்கின்றன. நடந்து ஓட்டும் இயந்திரத்தைச் சரிவுக்குக் குறுக்காகத்தான் ஓட்ட வேண்டும். ஏறும்போது கால் வழுக்கினால் வண்டி உருண்டு நம் மேலேயே வரும். இறங்கும்போது வழுக்கினால் நம் கால் மூடிக்கு அடியில் போகும். உட்கார்ந்து ஓட்டும் வண்டிக்கு இது தலைகீழ்; அது பக்கவாட்டில் கவிழும் என்பதால் மேலும் கீழுமாக ஓட்ட வேண்டும். இரண்டையும் மாறி மாறி ஓட்டுபவர்கள் குழம்புவது இங்கேதான். பின்னால் நின்று போகப் பலகை மாட்டியிருந்தால் சரிவில் இறங்கி நடப்பது நல்லது. வண்டியைத் தன்னை நோக்கி இழுத்தபடி பின்வாங்குவது எந்தத் தரையிலும் ஆபத்து.

பராமரிப்புக்கு வந்தால், முதல் பாடம் ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றுவது. சின்ன இயந்திரத்தில் பிளேடு எஞ்சினின் அச்சிலேயே நேரடியாகப் பொருத்தப்பட்டிருக்கும். பிளேடைக் கையால் திருப்பினால் உள்ளே பிஸ்டன் நகரும். பெட்ரோல் ஆவி மிச்சமிருந்தால் எஞ்சின் ஒரு முறை வெடித்துச் சுற்றிவிடும். ஒரு சுற்று போதும். பெரிய இயந்திரத்தில் பெல்ட் வழியாகப் போவதால் வேறொரு வேடிக்கை: ஒரு பிளேடைத் திருப்பினால் பக்கத்துப் பிளேடும் சேர்ந்து திரும்பும். ஒரு கை இங்கே, இன்னொரு கை அங்கே என்று வைத்திருப்பவருக்கு அது வேடிக்கையாக இருக்காது.

பிளேடைச் சாணை பிடிப்பது புல்லின் நலனுக்காக மட்டுமல்ல. மழுங்கிய பிளேடு புல்லை வெட்டாமல் கிழிக்கும். மறுநாள் நுனியெல்லாம் பழுப்பேறி நிற்கும். ஆனால் சாணையில் ஒரு பக்கத்தை மட்டும் அதிகமாகத் தேய்த்துவிட்டால் வரும் வினை பெரிது. சுழலும் பொருளில் விலக்கு விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும். நுனியில் வெறும் 5 கிராம் எடை வித்தியாசம், அச்சிலிருந்து 25 சென்டிமீட்டர் தொலைவு, நிமிடத்துக்கு 3,000 சுற்று என்றால் அச்சை இழுக்கும் விசை சுமார் 12 கிலோ எடைக்குச் சமம். அதுவும் விநாடிக்கு 50 முறை திசை மாறி மாறி. பேரிங் தேயும், போல்ட் தளரும், கைப்பிடி அதிர்ந்து விரல்களின் ரத்த ஓட்டத்தைக் கெடுக்கும். இதைத் தவிர்க்கச் சுவரில் அடித்த ஓர் ஆணி போதும். பிளேடின் நடுத் துளையை ஆணியில் மாட்டினால் கனமான பக்கம் தாழும். அந்தப் பக்கத்தை இன்னும் கொஞ்சம் தேய்க்க வேண்டும். வளைந்த பிளேடை நிமிர்த்துவதும் விரிசலுக்கு வெல்டிங் வைப்பதும் கூடவே கூடாது. புதிது வாங்குவதே மலிவு.

எண்ணெய், கிரீஸ், ஏர் ஃபில்டர் எல்லாம் கையேட்டில் மணிக்கணக்கோடு போட்டிருக்கும். அதைப் பார்த்துச் செய்தால் தீர்ந்தது. பெட்ரோல் மட்டும் தனிக் கவனம் கேட்கிறது. மைனஸ் 40 பாகைக் குளிரில்கூடத் தீப்பற்றும் அளவுக்கு ஆவியாகும் திரவம் அது. அந்த ஆவி காற்றைவிடக் கனமானதால் தரையோடு படர்ந்து போகும். கொதிக்கும் சைலன்சருக்குப் பக்கத்தில் அதை ஊற்றுவதற்குமுன் எஞ்சின் ஆறட்டும். கேனைப் பிக்அப் வண்டியின் பிளாஸ்டிக் விரிப்பின் மேல் வைத்து நிரப்பினால் நிலைமின்சாரப் பொறி பறக்கலாம். கீழே தரையில் வைத்து நிரப்புவதே முறை.

சத்தத்துக்கு ஒரு சுருக்கமான கணக்கு. 85 டெசிபலில் எட்டு மணி நேரம் இருக்கலாம் என்கிறது அமெரிக்கத் தொழில்சார் நல ஆய்வு நிறுவனம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 91 டெசிபலில் இரண்டு மணி நேரம், 94இல் ஒரு மணி நேரம். பெட்ரோல் புல்வெட்டியின் சத்தம் 90 டெசிபலை ஒட்டியே இருக்கும். காதடைப்பான் இல்லாமல் வேலை செய்பவரின் நாள் மதியத்துக்கு முன்பே முடிந்துவிட்டது என்று பொருள்.

கலிபோர்னியாவில் 2024 முதல் தயாராகும் பெரும்பாலான பெட்ரோல் புல்வெட்டிகளின் விற்பனைக்கு வழி அடைக்கப்பட்டிருக்கிறது. பேட்டரி இயந்திரங்கள் அந்த இடத்தைப் பிடிக்கின்றன. சத்தம் குறைவு, புகை இல்லை. பிளேடின் வேகம் மட்டும் அதேதான். பிளேடு நின்றிருக்கும்போது இயந்திரம் உயிரோடு இருக்கிறதா இல்லையா என்று காதால் கண்டுபிடிக்க முடியாது. கழற்றி வைக்க ஸ்பார்க் பிளக் வயரும் அதில் கிடையாது. மூடிக்கு அடியில் கையை விடுமுன் சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பேட்டரியைக் கழற்றி வையுங்கள்.